முக்கால் கிலோ துப்பாக்கியும் முந்நூறு ரூபாய் பெல்ட்டும்!

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எங்கள் அத்தானுக்கு மடியில் கனமில்லை, இடுப்பில்தான் கனம். பயமும் அவருக்கில்லை. பக்கத்தில் நடந்து போகிற எனக்குத்தான்!

அத்தான் இருபத்துநாலு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக ஊர் திரும்பியவர். இப்போது ஒரு நகைக்கடை முதலாளிக்கு கன்மேன். (கடையின் பெயர் வேண்டாம். அடுத்த தடவை அக்கா அங்கே செய்கூலி பேசும்போது சங்கடமாகிவிடும்.) துப்பாக்கி லைசென்ஸ் முதலாளி பேரில். அதில் 'ரீடெய்னர்' என்று அத்தான் பெயரும் ஏறியிருக்கிறது. பட்டறையிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பாங்க் லாக்கருக்கு என்று நகைப் பெட்டி எங்கே போனாலும் சஃபாரி சட்டைக்குள்ளே துப்பாக்கியோடு அத்தானும் போவார்.

அதில் ஒரே ஒரு சிக்கல். சஃபாரிக்குள்ளே துப்பாக்கி இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது. ஆனால் தெருவில் கோலி விளையாடுகிற பையனுக்குக்கூட அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும். ஏனென்றால் பத்தடிக்கு ஒருதரம் அத்தான் நின்று, பேன்ட்டின் வலது பக்கத்தை ஒரு இழு இழுத்து மேலே ஏற்றிக்கொள்வார். டீக்கடையில் ஒரு இழு. பஸ் ஸ்டாப்பில் ஒரு இழு. கோயிலில் தீபாராதனை காட்டும்போது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டால் இவர் மட்டும் பேன்ட்டை இழுப்பார்.

"என்னத்தான், பேன்ட் லூசா?" என்று கேட்டால், "பேன்ட் லூசில்ல மாப்ளே, சாமான் வெயிட்டு" என்பார். துப்பாக்கிக்கு எங்கள் வீட்டில் 'சாமான்' என்று பெயர்.

நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

★

தி.நகர். சாயங்காலம் ஆறரை மணி. அந்த நேரத்து தி.நகரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காரிலிருந்து முதலில் அத்தான் இறங்குகிறார். அவருக்குப் பின்னால் பெட்டியோடு ஒரு பையன். குனிந்து நிமிர்கிறார். 'டப்' என்று ஒரு சத்தம்.

அறுந்தது பெல்ட் இல்லை ஸார். பக்கிள்! ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பிரவுன் என்று திருப்பிப் போட்டுக்கொள்ளலாமே, அந்த ரக பெல்ட். அந்தத் திருகு பக்கிளின் சின்ன ஆணி வாயைப் பிளந்துவிட்டது. பெல்ட் லூப்பிலிருந்து பாம்பு மாதிரி உருவிக்கொண்டு வர, அதில் கோத்திருந்த தோல் உறை துப்பாக்கியோடு சேர்ந்து நழுவி, அத்தானின் ஷூவுக்குப் பக்கத்தில் விழுந்தது. உறையின் மேல்பட்டி பட்டன் போட்டிருந்ததால் துப்பாக்கி வெளியே வரவில்லை. அது மட்டும்தான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம்.

நடைபாதையில் பூ விற்கிற அம்மா, "அண்ணே, பர்ஸு கீழ விழுந்துருச்சு பாருங்க" என்றாராம். அத்தான் ஒரு கையால் பேன்ட்டையும் இன்னொரு கையால் 'பர்ஸை'யும் பிடித்துக்கொண்டு கடைக்குள் ஓடியிருக்கிறார். காருக்குள்ளிருந்து முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கத்தவில்லை, திட்டவில்லை. "ஹவில்தார், நகையைப் பாத்துக்கத்தான் உங்களை வெச்சிருக்கேன். உங்களைப் பாத்துக்க இன்னொரு ஆளை வைக்கணும் போலருக்கே" என்றாராம், அவ்வளவுதான். அத்தான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கார்கில் பக்கமெல்லாம் பனியில் நின்றவர். முந்நூறு ரூபாய் பெல்ட் அவர் மானத்தை தி.நகரில் வைத்து வாங்கிவிட்டது.

இது மானப் பிரச்னை மட்டுமில்லை. 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள், கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் எப்படி எடுத்துப் போக வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்கின்றன. உடம்போடு சேர்த்த உறையிலோ, அதற்கான பையிலோதான் இருக்க வேண்டும். முழுசாக மறைந்திருக்க வேண்டும். வைத்திருக்கிறவரின் கட்டுப்பாட்டிலேயே எப்போதும் இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் பூக்காரம்மாவுக்குப் பதிலாக வேறு யாராவது குனிந்து எடுத்திருந்தால்? அத்தானுக்கு வேலை போகும், முதலாளிக்கு லைசென்ஸ் போகும். அதற்கு மேலும் என்னென்னவோ போயிருக்கலாம், நினைக்கவே வேண்டாம்.

மறுநாள் காலையில் அக்கா போன் பண்ணினாள். "டேய், நீதான் பேப்பர்ல என்னென்னமோ எழுதறியே... உங்க அத்தானுக்கு ஒரு நல்ல பெல்ட் வாங்கிக் குடேன்."

பெல்ட்தானே என்று கிளம்பினேன். பி.காம். படித்தபோது காஸ்ட் அக்கவுன்டிங்குக்குக்கூட இவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டதில்லை.

★

முதலில் கணக்கு. நமக்குத் தெரிந்தது அதுதானே!

அத்தான் வைத்திருப்பது கான்பூரில் செய்கிற பாயின்ட் 32 ரிவால்வர். ஆறு குண்டு. வெறும் ரிவால்வரின் எடை 700 கிராம். குண்டு ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து கிராம். தோல் உறை, உபரி குண்டுகளுக்கு ஒரு சின்னப் பை என்று எல்லாம் சேர்த்தால் ஒரு கிலோவை நெருங்கிவிடும். இதே கான்பூரில் 2014-ல் 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வரை வெளியிட்டார்கள். பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ள வசதியாக, டைட்டானியம் கலந்து, அரை கிலோவில். அத்தானுக்கு வாய்த்தது பழைய மாடல்.

ஒரு கிலோ என்ன பெரிய எடையா? கத்திரிக்காய் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு நாம் நடப்பதில்லையா? நடக்கிறோம். ஆனால் அதை இடுப்பில் ஒரே பக்கமாகக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, நாளைக்குப் பத்து மணி நேரம், உட்கார்ந்து, எழுந்து, படியேறி, காரில் நுழைந்து நடப்பதில்லை.

அந்த எடை நேராகக் கீழே இழுத்தால்கூடப் பரவாயில்லை. அது உடம்பை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதனால் கீழே இழுப்பதோடு பெல்ட்டை முறுக்கவும் பார்க்கிறது. பெல்ட்டின் மேல் விளிம்பு வெளியே சாயும், கீழ் விளிம்பு இடுப்பில் குத்தும். துப்பாக்கியின் கைப்பிடி உடம்பை விட்டு விலகி சட்டையைத் தள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் சஃபாரிக்குள்ளே ஒரு குட்டித் தேங்காய் இருப்பது மாதிரி தெரியும்.

நாம் எல்லாரும் பெல்ட்டை இழுத்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். "அறுந்துடுமா?" என்பதுதான் கவலை. துப்பாக்கி பெல்ட்டுக்கு அறுவது இரண்டாவது பிரச்னை. முறுக்கக்கூடாது என்பதுதான் முதல். இடுப்பைச் சுற்றி வளைய வேண்டும், ஆனால் விளிம்புவாக்கில் மடங்கவே கூடாது. பெல்ட்டை இரண்டு கையாலும் ஒரு சாண் இடைவெளியில் பிடித்து ஈரத்துணியைப் பிழிவது மாதிரி முறுக்கிப் பாருங்கள். திரும்பிக் கொடுத்தால் அது பேன்ட்டுக்கு மட்டும். முறைத்துக்கொண்டு நின்றால் துப்பாக்கிக்கும் ஆகும்.

இந்த ஞானம் எனக்கு எப்படி வந்தது என்றால், துப்பாக்கியை வைத்துப் பரீட்சை பார்க்க முடியாது. அது டியூட்டி முடிந்ததும் முதலாளி வீட்டு அலமாரிக்குப் போய்விடும். உறை மட்டும்தான் அத்தானிடம் இருக்கும். மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போய், "ஒரு அரை கிலோ கல்லும் ஒரு இருநூறு கிராம் கல்லும் ரெண்டு நாளைக்குக் குடுங்க அண்ணாச்சி" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "நகைச்சீட்டு கம்பெனி ஏதும் ஆரம்பிக்கியளா தம்பி?" என்றார். கொடுத்தார்.

இரண்டு இரும்புக் கல்லையும் துணியில் சுற்றி உறைக்குள் திணித்து, அத்தானை ஹாலில் நடக்கவிட்டோம். வீட்டிலிருந்த பெல்ட் எல்லாம் ஒவ்வொன்றாக மேடை ஏறின. என் கல்யாணத்து பெல்ட் ஐந்தே நிமிஷத்தில் பல்லை இளித்தது. அக்கா பையனின் ஸ்கூல் பெல்ட் எலாஸ்டிக். அத்தான் ஒரு எட்டு வைத்தால் கல் இரண்டு எட்டு குதித்தது. ஆச்சரியம் என்னவென்றால், எல்லாவற்றிலும் நன்றாகத் தாங்கியது பரணில் கிடந்த என் தாத்தாவின் பச்சை பெல்ட்!

தெரியுமில்லையா, மாட்டுத் தரகர்கள் வேட்டிமேல் கட்டுவார்களே, நாலு விரல் அகலத்தில், பர்ஸ் வைத்து, பட்டன் பட்டனாக. பணமும் சில்லறையும் சுண்ணாம்பு டப்பாவும் சுமந்துகொண்டு சந்தை சந்தையாக நடந்தவர்கள் கண்டுபிடித்தது. அகலம் கூடக்கூட பாரம் பரவும் என்பது அவர்களுக்கு எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித் தெரிந்ததில்லை. அத்தான் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு, "சஃபாரிக்கு மேல இதைக் கட்டிக்கிட்டுப் போனா, முதலாளி மாடு பிடிக்க அனுப்பிருவாரு மாப்ளே" என்றார். பச்சை பெல்ட் மறுபடி பரணுக்குப் போயிற்று.

★

பெல்ட்டுக்கும் ஆயுதத்துக்கும் உள்ள உறவில் ஒரு பெரிய மனிதரின் பெயர் நிலைத்திருக்கிறது. அவரும் நம் நாட்டில் பிறந்தவர்தான். சாம் பிரவுன் என்று வெள்ளைக்காரர். 1824-ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாரக்பூரில் பிறந்து, குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தார். 1858 ஆகஸ்ட் 31-ம் தேதி, இன்றைய உத்தரப்பிரதேசத்தில் பிலிபித் பக்கம் நடந்த சண்டையில் இவரது இடது கை தோளோடு வெட்டுப்பட்டுப் போனது. அந்தச் சண்டைக்காக விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். கையைக் கொடுக்க முடியுமா?

அந்தக் காலத்தில் அதிகாரிகளின் வாள் இடுப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். இடது கையால் உறையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் வாளை உருவ வேண்டும். இவருக்குப் பிடிக்கக் கை இல்லை. அதனால் இடுப்பில் ஒரு கனத்த தோல் பட்டை, அதைத் தாங்க வலது தோள் வழியாக மார்பின் குறுக்கே இன்னொரு பட்டை என்று கட்டிக்கொண்டார். வாள் ஆடாமல் நின்றது. வலது பக்கத்தில் மூடி போட்ட உறைக்குள் கைத்துப்பாக்கியும் பத்திரமாக இருந்தது. இரண்டு கையும் உள்ளவர்கள் பார்த்தார்கள், அட, நமக்கும் சௌகரியமாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டார்கள். அணிவகுப்பில் போலீஸ் அதிகாரிகள் மார்பில் குறுக்கே போட்டிருக்கிறார்களே, அந்த 'சாம் பிரவுன் பெல்ட்' இதுதான். இடுப்பு தாங்க முடியாததைத் தோளுக்கு மாற்றிவிடு என்பது அவர் செய்த தந்திரம்.

அமெரிக்காவில் சுற்றி வளைத்து இன்றைக்கும் அதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். அங்கே போலீஸ்காரரின் இடுப்பு ஒரு நடமாடும் பலசரக்குக் கடை. துப்பாக்கி, உபரி மேகஸின், விலங்கு, தடி, டார்ச், வயர்லெஸ் என்று எட்டு, பத்து கிலோகூடப் போகும். அதற்கு ஒரு பெல்ட் போதாது, இரண்டு! உள் பெல்ட் பேன்ட் லூப்புக்குள் போகும். வெளி பெல்ட் இரண்டே கால் அங்குல அகலம். செருப்பில் 'பர்'ரென்று பிரிப்போமே, அந்த மாதிரி ஒட்டுப்பட்டியால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். போதாததற்குச் சின்னச் சின்னப் பட்டிகளால் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். அப்படியும் முதுகுவலி தாங்காமல், பல ஊர்களில் பாதிச் சாமான்களை மார்புச் சட்டைக்கு மாற்றிவிட்டார்கள்.

போலீஸ்காரர் மட்டுமில்லாமல் சாதாரண ஜனங்களும் அங்கே துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கறிகாய் வாங்கப் போகிறார்கள். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதற்குத் தனி பெர்மிட்டே தேவையில்லை. டெக்சாஸில் 2021-லிருந்து அப்படி. அது சரியா தப்பா என்று அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். ஆனால் அதன் பலனாக 'துப்பாக்கி பெல்ட்' என்று தனியாக ஒரு வியாபாரமே அங்கே நடக்கிறது. ஒன்றரை அங்குல அகலம். இரண்டு அடுக்குத் தோல். நடுவில் மெல்லிய எஃகுப் பட்டையோ பிளாஸ்டிக் பட்டையோ வைத்த ரகங்கள் உண்டு. தோலே வேண்டாம் என்பவர்களுக்குத் தடித்த நைலான். பெல்ட்டில் ஓட்டையே இல்லாமல், பின்பக்கம் பல்சக்கர வரிசை வைத்து 'கடக் கடக்' என்று கால் அங்குலம் கால் அங்குலமாக இறுக்குகிற மாதிரியும் வந்துவிட்டது.

ஓட்டை விஷயம் வேடிக்கையாகத் தோன்றலாம். அப்படியில்லை. சாதாரண பெல்ட்டில் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் ஒரு அங்குலம் இருக்கும். ஒன்று லூஸ், அடுத்தது டைட். நமக்கு அது சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின். துப்பாக்கிக்காரருக்கு அது வேறு கதை. அத்தானே அதற்குச் சாட்சி.

★

இந்தச் சோதனையின் நடுவில்தான் அவர் மெதுவாகச் சொன்னார். "மாப்ளே, அக்காகிட்ட சொல்லிராத. ரெண்டு மாசமா வலது தொடை மரத்துப் போவுது. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. சில நேரம் எரியுது. பக்கவாதமா இருக்குமோ?"

எனக்குப் பகீரென்றது. அக்காவிடம் சொல்லாமல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். (திரும்பி வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். எப்படித்தான் தெரிகிறதோ!) டாக்டர் முட்டியைத் தட்டினார், காலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். பலம் குறையவில்லை. தொடையின் வெளிப்பக்கம் மட்டும் உணர்ச்சி மங்கல். பிறகு அவர் அத்தானின் இடுப்பைப் பார்த்தார். பெல்ட் பதிந்த தடம் சிவப்பாக, கயிற்றால் கட்டின மாதிரி.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். சொன்னோம். சிரித்தார்.

இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கமாக ஒரு நரம்பு இறங்கி, தொடையின் வெளித்தோலுக்கு உணர்ச்சி கொடுக்கிறதாம். இறுக்கமான பெல்ட், இறுக்கமான ஜீன்ஸ், தொந்தி என்று எது அதை அழுத்தினாலும் தொடை மரத்துப்போகும், எரியும். 'மெரால்ஜியா பாரஸ்தெடிக்கா' என்று வாயில் நுழையாத பெயர். "பக்கவாதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெல்ட்டை இவ்வளவு இறுக்காதீங்க. பெரும்பாலும் தானா சரியாயிடும், ஆகலைன்னா வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

புரிகிறதா? பெல்ட் தொளதொள. துப்பாக்கி சரிகிறது. சரியாமல் இருக்க அத்தான் அடுத்த ஓட்டைக்குப் போகிறார். அங்கே இடுப்பு நசுங்குகிறது, நரம்பு அலறுகிறது. ஆனாலும் பெல்ட் முறுக்குவது நிற்கவில்லை. விறைப்பில்லாத பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது விறைப்பாகாது. விறைப்பான பெல்ட்டை இறுக்க வேண்டிய அவசியமே இல்லை. கிட்டத்தட்ட லட்ச ரூபாய்ச் சரக்கை முந்நூறு ரூபாய் பட்டையில் தொங்கவிட்டு, மிச்சத்தை டாக்டருக்குக் கொடுக்கும் இந்தக் கணக்கை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ண மாட்டார்.

★

கடைக்குப் போனோம். ஏ.சி. போட்ட கடை. "துப்பாக்கிக்கு பெல்ட்" என்று அத்தான் வாய் திறக்குமுன், "இவருக்குக் கனமா ஒரு பெல்ட் வேணும்" என்று முந்திக்கொண்டேன். இல்லாவிட்டால் போலீஸ் வந்திருக்கும். "ஜென்யூன் லெதர் ஸார்" என்று ஒன்றை நீட்டினார்கள். அத்தான் ஈரத்துணிப் பிழி ஒன்று போட்டார். மேல் தோல் ஒரு பக்கமும் உள் அட்டை ஒரு பக்கமுமாகப் போயிற்று. அதற்கும் பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

தோலுக்குப் போக வேண்டிய இடம் பெரியமேடு என்று ஒரு நண்பர் சொன்னார். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால், தோல் வியாபாரத்துக்கென்றே பெயர் போன பேட்டை. நுழைந்த உடனே மூக்கு சொல்லிவிடும். ஒரு சந்தில், பத்துக்குப் பத்து அறையில், குதிரை லகான்கள், கடிவாளங்களுக்கு நடுவே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயசுக்குக் குறையாது. இவரிடம் உண்மையைச் சொன்னோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஹவில்தார் சாப், மொதல்ல இப்ப போட்டிருக்கறதக் கழட்டுங்க" என்றார்.

கையில் வாங்கி, அறுந்த இடத்தை நகத்தால் கீறினார். தூள் தூளாக உதிர்ந்தது. "தம்பி, இது தோலு இல்ல. தோலு வெட்டிப் போட்ட குப்பைய அரைச்சு, கோந்து போட்டு, ரொட்டி மாதிரி தேச்சு, மேல பெயின்ட் அடிச்சது. இதுக்குப் பேரு லெதரு. நம்ம நாட்டுல இட்லிய அரைச்சு மறுபடி அரிசின்னு விப்பாங்களா?"

அப்புறம் எனக்கு அரைமணி நேரம் பாடம் நடந்தது. கல்லூரியில் தூங்கிய நான் இங்கே தூங்கவில்லை. தோலைப் பதனிடுவதில் பெரிதாக இரண்டு வழி. குரோமிய உப்பில் ஊறப்போடுவது ஒன்று. சீக்கிரம் ஆகும், மெத்தென்று துணி மாதிரி வரும். ஷூவின் மேல்பாகத்துக்கும் ஹேண்ட்பேகுக்கும் அருமை. இன்னொன்று மரப்பட்டை, காய்களின் துவர்ப்பில் நாள்கணக்கில் ஊறப்போடுவது. நம் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக ஆவாரம்பட்டையும் கடுக்காயும். அது விறைப்பாக வரும். வளைத்த வளைவில் நிற்கும். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் கப்பலாகப் போன 'ஈஸ்ட் இந்தியா' தோல் இந்த ஜாதிதான். செருப்பின் அடித்தோல், குதிரைச் சேணம், ஆயுத பெல்ட் எல்லாம் இதில்தான் செய்ய வேண்டும் என்றார்.

"மாட்டுல எந்த எடத்துத் தோலுன்னு பாக்கணும் தம்பி. வயித்துத் தோலு இழுவும். ஏன்? மாடு தின்னா வயிறு விரியணும், சுருங்கணும். முதுகுத் தோலு இழுவாது. அதுக்கு என்ன வேலை? வெயில்ல காயறதுதான். பெல்ட்டுக்கு முதுகு வேணும்."

அத்தானின் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு ராணுவக் களை வந்தது.

அளவெடுத்தது இன்னொரு கச்சேரி. எல்லாரும் பேன்ட் சைஸைச் சொல்லி பெல்ட் கேட்போம். பாய் அதைக் காதிலேயே வாங்கவில்லை. உறையை இடுப்பில் மாட்டி, அதோடு சேர்த்து, பக்கிள் முனையிலிருந்து நிஜமாகப் போடுகிற ஓட்டை வரைக்கும் அளந்தார். அத்தான் உறையை பேன்ட்டுக்கு வெளியே மாட்டுகிறார். பேன்ட்டுக்கு உள்ளே செருகுகிறவர்களாக இருந்தால் பேன்ட்டும் பெல்ட்டும் இரண்டு அங்குலமாவது கூடுதலாக வேண்டும். அந்த அளவு நடு ஓட்டைக்கு வருகிற மாதிரி வைத்து, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. "தீபாவளிக்கு ஒரு ஓட்டை, ரம்ஜானுக்கு ஒரு ஓட்டை" என்றார். ஓட்டைகளை முக்கால் அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்தினார்.

அகலம் ஒன்றரை அங்குலம். அதற்கு மேல் போனால் லூப்பில் நுழையாது. உறையின் பட்டியும் அந்த அளவுக்குத்தான் வெட்டியிருந்தது. உறையின் பட்டியில் பெல்ட் சிக்கென்று உட்கார வேண்டும் என்பதில் பாய் பிடிவாதமாக இருந்தார். இடைவெளி இருந்தால் உறை ஆடும். அதைவிட மோசம், துப்பாக்கியை உருவினால் உறையும் கூடவே மேலே ஏறி வரும். ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' மாதிரி கௌபாய் படங்களில் உறையின் அடியில் ஒரு கயிறு கட்டித் தொடையோடு முடிச்சுப் போட்டிருப்பார்களே, அது ஸ்டைலுக்கு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். உறை ஏறாமல் இருக்கத்தானாம்!

"நடுவுல இரும்புப் பட்டை வெச்சுடலாமா பாய்?" என்று என் அமெரிக்க ஞானத்தைக் காட்டினேன். "நீ ஒக்காரப் போறியா, அவரு ஒக்காரப் போறாரா?" என்றார். மூடிக்கொண்டேன்.

எருமை முதுகுத் தோல். மூன்று மூன்று மில்லிமீட்டரில் இரண்டு அடுக்கு. நேராக வைத்து ஒட்டாமல், ஒரு உருளையில் வளைத்துவைத்து ஒட்டினார். அப்போதுதான் பிறக்கும்போதே இடுப்பு வளைவோடு பிறக்குமாம். பிறகு மெழுகு தேய்த்த நூலில் இரண்டு ஊசி. ஒரே துளைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. மிஷின் தையலில் ஒரு நூல் அறுந்தால் ரயில் மாதிரி வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். இதில் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். பக்கிள் திடப் பித்தளை, திருகு கிடையாது, நூலால் தைத்தது. 1,800 ரூபாய். அத்தான் எண்ணிக் கொடுத்தார். பேரம் பேசாமல் அவர் பணம் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பும் வழியில் டெய்லரிடமும் ஒரு வேலை. உறைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பேன்ட்டில் இரண்டு லூப் கூடுதலாக வைக்கச் சொன்னோம். உறை முன்னும் பின்னும் நகராமல் அந்த இரண்டும் காவல் நிற்கும். அமெரிக்காவில் இடுப்பையே கடிகாரமாக வைத்து இடம் சொல்கிறார்கள். தொப்புள் பன்னிரண்டு மணி, முதுகெலும்பு ஆறு மணி. அத்தானின் சாமான் இப்போது மூன்றரை மணியில். ஆறு மணி கூடவே கூடாது, வழுக்கி விழுந்தால் முதுகெலும்பு நேரே இரும்பின் மேல் விழும்.

★

முதல் வாரம் பெல்ட் படுத்தியது. புதுச் செருப்பு மாதிரி முறைத்துக்கொண்டு நின்றது. அத்தான் உட்கார்ந்து எழுந்தால் அவரோடு தனியாக இன்னொருத்தர் எழுந்த மாதிரி சத்தம். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது பெல்ட்டுக்கும் தாராளமாகத் தேங்காய் எண்ணெய் தேய்த்து வெயிலில் காயப்போட்டுவிட்டாள்!

பெரியமேட்டுக்கு ஓடினேன். பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். "வெறைப்பு வேணும்னு ஆவாரம்பட்டைல ஊறவெச்ச தோலத் தம்பி, அம்மா எண்ணெய ஊத்தி மெத்தையாக்கப் பாத்துச்சா?" துணியில் சுற்றி, நாளெல்லாம் எண்ணெயை இழுக்கவிட்டு, மேலே மெழுகு தேய்த்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "ஷூக்கு அடிக்கிற எண்ணெய இதுக்கு அடிக்காதன்னு சொல்லு. ஈரத்துணியால தொடைச்சா போதும். ராத்திரி ஆணில தொங்கவுடு, சுருட்டி வெக்காத" என்றார். எண்ணெய் குடித்த இடம் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. அத்தான் அதைச் சட்டைக்குள் வருகிற மாதிரி போட்டுக்கொள்கிறார்.

இப்போது இரண்டு மாசம் ஆகிறது. பெல்ட் அவர் இடுப்பைப் படித்துக்கொண்டுவிட்டது. பழைய பெல்ட்டை விட ஒரு ஓட்டை தளர்த்தித்தான் போடுகிறார். தொடை எரிச்சல் நின்றுவிட்டது. எறும்பு மட்டும் எப்போதாவது ஊர்கிறதாம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. கவனிக்கவே இல்லை என்பதில் அத்தானுக்கு மகா சந்தோஷம்.

போன வாரம் கோயிலில் தீபாராதனை. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தானும் போட்டுக்கொண்டார். அக்கா சாமியைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மளிகைக்கடை அண்ணாச்சிதான் பாக்கி. அரை கிலோ கல்லையும் இருநூறு கிராம் கல்லையும் கேட்டு மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார். அக்கா அவற்றை ஊறுகாய் ஜாடி மூடியின் மேல் பாரமாக வைத்திருக்கிறாள். தர மாட்டேன் என்கிறாள்.